பதினொன்று புள்ளி எட்டு

"பதினொண்ணு புள்ளி எட்டு! நேத்து சாயங்காலம் பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல இருந்துச்சு. ராத்திரியில எங்கதான் போகுது?"

அவன் பேட்டரி மீட்டரைத் தட்டினான். தட்டினால் ஏறிவிடுமா என்ன?

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஆற்றின் மேல் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. தண்ணீரில் பட்ட வெயில் ஜன்னல் வழியே படகின் சின்ன அறைக்குள் நுழைந்து, கூரையில் நெளிந்து விளையாடியது. அவள் மல்லாந்து படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த வெளிச்சம் நடக்குது பாருங்களேன். கனவுக்குள்ள படுத்திருக்கிற மாதிரியே இருக்கு."

"கனவுல பேட்டரி தீராதும்மா. இங்க தீருது."

அந்தப் படகுதான் அவர்கள் வீடு. எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி தனியாக உண்டு. விளக்கு, விசிறி, குளிர்பெட்டி எல்லாவற்றுக்கும் சோறு போடுவது வேறு இரண்டு. வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. கூரை மேலிருக்கும் சோலார் பலகை பகலெல்லாம் நிரப்புகிறது, விடிந்தால் காலி. பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்தான், காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றினான், குளிர்பெட்டியைக்கூட நிறுத்திப் பார்த்தான். ஊஹூம். ஒரு மாதமாக விசிறி முனகுகிறதே தவிர சுற்றுகிற வழியைக் காணோம்.

"அதான் முடிவு பண்ணிட்டேன். மத்தியானம் கயித்தை அவுத்துடலாம். கீழ்த்துறையில கரையிலேர்ந்தே கரண்ட் குடுக்கிறாங்களாம்."

"வேண்டாங்க."

"ஏன்?"

"அங்க கூரையில வெளிச்சம் இப்படி நடக்குமான்னு தெரியலையே."

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில், இந்தப் படகோடு சேர்த்துக் கட்டிக் கிடப்பது அவன் அம்மாவின் படகு. கீழ்த்துறைக்குப் போவதென்றால் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அந்த நினைப்பிலேயே ஒரு வாரமாகப் பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். ஆனால் இவள் துள்ளிக் குதித்துக் கிளம்ப வேண்டாமா? மாமியாரோடு பேச்சை நிறுத்திப் பத்து மாதமாகிறதே!

'இவ வந்ததிலேர்ந்து படகு ஒரு பக்கமா சாயுது' என்று மாமியார் நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டாள். 'இனிமே உங்கம்மாகூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்' என்றாள் மருமகள். மாமியாரும் லேசுப்பட்டவள் இல்லை. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் இவன்தான் தபால்காரன்.

அவள் எழுந்து டீ போடப் போனாள். வெளியே குரல் கேட்டது.

"தம்பி!"

அம்மா பையோடு தன் படகின் மேல்தட்டில் நின்றிருந்தாள். "இன்னிக்கும் படுத்துடுச்சா? என்னுது பத்து வருஷப் பேட்டரி. ராத்திரி பூரா விளக்குப் போட்டுப் புத்தகம் படிச்சேன், அசையலையே! எதையும் வச்சுக் காப்பாத்தத் தெரியணும்டா. தெரியாதவங்க இருக்கிற எடத்துல ஒண்ணும் விளங்காது."

உள்ளே ஒரு பாத்திரம் 'ணங்'கென்றது.

"நீயும் எங்ககூட வந்துடேன்ம்மா."

"நான் எதுக்கு? எப்பவும் சொல்றதுதான். இந்தப் பேட்டரி இருக்கிற வரைக்கும் எனக்கு யார் தயவும் வேண்டாம். அது போற அன்னிக்குப் படகை வித்துட்டு, உன் அக்கா வீட்டுல ஒரு மூலையில போய் உட்கார்ந்துக்கிறேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பலகை வழியே கரையேறி ரொட்டி வாங்கப் போய்விட்டாள்.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒருதடவை பார்த்துவிடலாம் என்று ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். விளக்கு செத்தது, விசிறி செத்தது, பம்ப் செத்தது. அப்புறமும் மீட்டரில் நாலு ஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அடப்பாவி!"

மெயின் சுவிட்சுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். அவன் போடாத ஒயர் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அது துணி அலமாரிக்குப் பின்னால் ஓடி, ஜன்னல் இடுக்கில் வெளியேறி, இரண்டு படகுகளையும் சேர்த்துக் கட்டிய கயிற்றோடு கயிறாகச் சுற்றிக்கொண்டு போனது. பின்னாலேயே போனான். அம்மா படகின் பின்பக்கப் பெட்டியைத் திறந்தான். ஒயர் அம்மாவின் பேட்டரியில் போய் முடிந்தது.

ஆறு சத்தமில்லாமல் நழுவிக்கொண்டிருந்தது. எல்லாமே தூக்கத்தில் நடப்பது போலிருந்தது அவனுக்கு. பெற்ற தாய் மகன் வீட்டுக் கரண்டைத் திருடுவாளா? திருடியது போதாதென்று அந்தப் பேச்சு வேறா?

திரும்பி வந்தவனால் மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சுடும்மா. எங்கம்மா இப்படிப் பண்ணுவாங்கன்னு நான் கனவுலகூட நினைக்கல. நம்ம கரண்டை இழுத்துக்கிட்டு உன்னையே குத்திக் காட்டியிருக்காங்க. மத்தியானம் வரைக்கும்கூட வேண்டாம், இப்பவே கிளம்பலாம்."

கட்டிங் பிளேயரை எடுத்து ஒயரில் வைத்தான்.

"ஐயோ, வெட்டிடாதீங்க!" டீயை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவங்க பேட்டரி போன மாசமே செத்துப்போச்சு. விளக்கு மங்குறதைப் பார்த்துட்டு, அவங்க கடைக்குப் போன நேரத்துல நான்தான் ஒயரை இழுத்து விட்டேன்."

"நீயா? அவங்ககூடப் பேசவே மாட்டேன்னு சொன்னியேடி!"

"பேசமாட்டேன்னுதான் சொன்னேன்," என்றாள் அவள். "படகை வித்துட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போகட்டும்னு சொன்னேனா?"