லிட்டியாவின் தனி மடல்

"புதுசா வர்றவங்களுக்கெல்லாம் குறுக்கு வழி மட்டும் நல்லாத் தெரியுது," என்றேன்.

ஹோபார்ட்டில் எங்கள் அலுவலகம். பக்கத்து மேசை நெரிடா சாண்ட்விச்சைக் கடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"திங்கட்கிழமை காலையிலயே யாரை வெட்டிப் போட்ட, க்ளைவ்?"

"சுவாங்கிற ஊர்லேர்ந்து லிட்டியான்னு ஒரு பொண்ணு."

உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் முந்நூறு பேர் சேர்ந்து வளர்க்கும் இலவச டேட்டாபேஸ் எங்களுடையது. யார் எதைச் சேர்க்க நினைத்தாலும் பொது மடல் குழுவில் போட வேண்டும். எல்லோரும் பார்ப்பார்கள், பிய்த்து எடுப்பார்கள். தனி மடல் போட்டு யாரையும் காக்கா பிடிக்கக் கூடாது. அந்த விதியை எழுதியவனே நான்தான்.

லிட்டியா அனுப்பியது ஒரு ஃபங்ஷன், ஒரே ஒரு வேலையைச் செய்யும் சின்ன நிரல். அரே என்பார்களே, ஒரே கட்டத்துக்குள் வரிசையாக வைத்த மதிப்புகள், அதைத் தலைகீழாகத் திருப்பித் தரும். இன்று மாலைக்குள் சேர்ந்தால் இந்த வருட வெளியீட்டில் வரும். தவறினால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

"எட்டு மாசமா அதோட மல்லாடறா. என்ன தப்பு?" என்றாள் நெரிடா.

"காலி அரேயைக் குடுத்தா சர்வரே படுத்துடுது. அதைக்கூடச் சோதிச்சுப் பாக்கல. இந்த அழகுல வெள்ளிக்கிழமை எனக்குத் தனியா ஒரு மடல். சிபாரிசுக்குத்தான், வேற எதுக்கு? குழுவிலயே போட்டுட்டேன். 'காலி அரேயைச் சோதிக்கத் தெரியாதவர்கள் கொல்லைப்புறக் கதவைத் தட்ட வேண்டாம். இங்கே எல்லாம் வெளிப்படை.'"

"காரம் ஜாஸ்தி."

"அப்பதான் அடுத்த தடவை ஒழுங்கா செய்வா."

லிட்டியாவின் பதில் குழுவில் வந்து விழுந்தது. நெரிடா உரக்கப் படித்தாள்.

"'மன்னிக்கவும். தவறு என்னுடையதுதான். இனிமேல் தனி மடல் எழுத மாட்டேன்.' அவ்ளோதான் எழுதியிருக்கா, பாவம். ஆமா, அந்தத் தனி மடல்ல என்ன கேட்டிருந்தா?"

"நான் திறக்கவே இல்ல."

நெரிடா சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். "திறக்காமலேயா திட்டின?"

அவள் பார்வை பொறுக்காமல் திறந்தேன்.

'அன்புள்ள க்ளைவ், என் ஃபங்ஷன் காலி அரேயில் விழுந்துவிடுகிறது. இன்றுதான் கண்டுபிடித்தேன். நம் வரிசைப்படுத்தும் ஃபங்ஷனைப் பார்த்துத்தான் எழுதினேன். அதிலும் இதே பிழை இருக்கிறது. அது பத்து வருடம் முன்பு நீங்கள் எழுதியது. நான் என்னுடையதை இப்போது திருத்திப் போட்டால் எல்லோர் கண்ணும் உங்களுடையதில் விழும். முதலில் நீங்கள் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளுங்கள், பிறகு என்னுடையதை அனுப்புகிறேன். இரண்டுக்கும் திருத்தம் இணைத்திருக்கிறேன். உங்களுடையதில் என் பெயர் வேண்டாம்.'

காதெல்லாம் சுட்டது. நாற்காலியோடு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

நெரிடா என் தோளுக்குப் பின்னால் நின்று முழுக்கப் படித்தாள். தன் இடத்துக்குத் திரும்பிப் போய் மீதி சாண்ட்விச்சைக் குப்பைக்கூடையில் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு திருத்தங்களையும் சோதித்தேன். கச்சிதமாக இருந்தன. மாலைக்குள் லிட்டியாவின் ஃபங்ஷனைச் சேர்த்தேன். என்னுடையதையும் திருத்தி, பக்கத்தில் 'சிறு மாற்றம்' என்று மட்டும் குறித்தேன்.

பிறகு உட்கார்ந்து மன்னிப்பு எழுதினேன். படிக்காமலே திட்டியது, என் பிழைக்கு அவள் தலைகுனிந்தது, எதையும் மறைக்கவில்லை. எழுதும்போது கண்கூடக் கலங்கியது. அனுப்பிய பிறகுதான் மூச்சு சீராக வந்தது.

"மன்னிப்பு கேட்டாச்சு," என்றேன்.

நெரிடா தன் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள்.

"குழுவில போட்டா எனக்கும் வரணுமே. இன்னும் வரலியே?"

"வராது," என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல். "தனி மடல்லதான் அனுப்பினேன்."