காலி மெஷினின் எடை

மொட்டைமாடியில் காங்கிரீட் போடுகிறவர்களை நர்ஸ் காலையிலும் உச்சிவேளையிலும் எடை மெஷினில் ஏற்றிப் பார்ப்பாள். வியர்வையில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தவருக்குத்தான் மதியம் ஓய்வு. நேற்றுவரை காய்ச்சலில் கிடந்த சித்தாளுக்கு அது கிடைக்க வேண்டுமே என்று நர்ஸ் கடவுளை வேண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் மற்றவர்கள் எல்லாம் நொந்து நூலாகி இறங்கிவர, சித்தாளின் எடையில் மட்டும் ஒரு குன்றிமணியும் குறையவில்லை.

"வெயில்லதானக்கா நின்னீங்க?"

"வெயில்லதான் சிஸ்டர். ஆனா யாரோ கூடவே நின்னு மறைச்ச மாதிரி இருந்துச்சு."

"மறைக்க அங்க என்ன ஆலமரமா இருக்கு?" என்று மேஸ்திரி சிரித்தார். "கல்லு மாதிரி இருக்க. மேல போம்மா."

சித்தாள் மெஷினைவிட்டு இறங்கினாள். காலி மெஷின் மைனஸ் ஒன்று புள்ளி ஆறு காட்டியது. நர்ஸ் அதை அணைத்து மறுபடி போட்டாள், அதே எண். மேஸ்திரியும் குனிந்து பார்த்தார்.

"இது யாரோட எடை?"

நர்ஸுக்கும் விளங்கவில்லை. அந்த எண்ணைச் சித்தாளின் பெயருக்கு நேரே எழுதினாள். "அக்கா, நீங்க உக்காருங்க" என்றாள். யாராயிருந்தாலும் தாகம் தாகம்தானே என்று ஒரு தம்ளர் தண்ணீரை மெஷின் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

தம்ளரில் தண்ணீர் மெல்லக் குறைந்தது. மெஷினில் எண் பூஜ்யத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.