முனியப்பன் கோயிலுக்கும் பாலத்துக்கும் நடுவே

நோட்டின் பக்கத்தைத் திருப்பினாள். முதல் வரியிலேயே பாலம் இருந்தது.

முந்தைய பக்கத்தின் கடைசி வரி முனியப்பன் கோயில். அதை இப்போதுதான் தாண்டியிருந்தார்கள். மூடுபனிக்குள் சிவப்பாக ஒரு துணி அசைந்து மறைந்தது. பாலம் வர இன்னும் ஒரு மைலாவது இருக்கும்.

நடுவில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

இடப்பக்கம் தேயிலைச் சரிவு. வலப்பக்கம் வெள்ளையாகப் பனி, அதற்கு அடியில் பள்ளம். கண்ணாடிக்கு முன்னால் சாலை கொஞ்சம்தான் தெரிந்தது. பந்தய வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவனுக்கு அது போதும். அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு இறுக்கம் என்று அவள் வாசிப்பாள். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் மைக் வழியாக அது அவன் காதில் விழும். காதில் விழுந்ததைக் கை செய்துவிடும்.

"கோயில் தாண்டி நேர்" என்று சொல்லியிருந்தாள். நேர் என்றால் அவன் முழுக்க மிதிப்பான்.

மிதித்துவிட்டான்.

இந்த வண்டியில் மிதித்த உடனே ஒன்றும் நடக்காது. ஒரு மூச்சு நேரம் சும்மா இருக்கும். பிறகு முதுகில் எட்டி உதைக்கும். மெக்கானிக் மாரப்பன் இதற்குச் சம்பந்தி என்று பெயர் வைத்திருந்தார். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருக்கும், எதற்குக் கோபித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. மேல்கூடு அட்டை போல் லேசு. இருவரும் உட்கார்ந்திருக்கும் சீட்டுக்கு அடியிலேயே பெட்ரோல் டாங்கி.

அந்த வருடம், எண்பத்தாறில், ஐரோப்பாவில் இந்த ரக வண்டிகள் ஓட்டியவர்களையும் கொன்றன, வேடிக்கை பார்த்தவர்களையும் கொன்றன. அடுத்த வருடத்திலிருந்து உலகப் பந்தயங்களில் இவை வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. அப்படி வேண்டாம் என்றவற்றில் ஒன்றைத்தான் கோயமுத்தூர் மில் முதலாளி ஒருவர் கப்பலில் வரவழைத்தார். ஓட்டுவதற்கு இவன் ஒருவனைத்தான் நம்பினார்.

இவன் இவள் ஒருத்தியைத்தான் நம்பினான்.

பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவோ என்று நகத்தால் பிரித்துப் பார்த்தாள். ஒட்டவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது.

போன மாதம் பழைய பியட் காரில் இதே சாலையை மெல்ல ஓட்டிப் பார்த்தார்கள். நல்ல வெயில். அவன் வளைவுகளைச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டு வந்தாள். கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்ததும் பென்சிலை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள், நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று.

அவன் வளைவு சொல்வதை நிறுத்திவிட்டான்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் ஒரே பேச்சு. பெண் பிறந்தால் அவன் அம்மாவின் பெயரை வைக்க விடமாட்டேன் என்று அவள் வம்பு பண்ணினாள். பாலத்தின் பலகைகள் தடதடத்தபோதுதான் வந்த வேலை நினைவுக்கு வந்தது.

இன்னொரு தடவை போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். போன அன்று மழை. மண் சரிந்து, எஸ்டேட்டில் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சந்தோஷத்தில் மறந்தே போனது.

வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. மூன்று மாதம் முடியட்டும் என்று இருந்தார்கள். இந்த ஒரு பந்தயம் மட்டும் என்று அவன் கேட்டான். அவளுக்கும் வேறு யாரையும் இந்த சீட்டில் உட்கார விட மனமில்லை.

காலையில் மாரப்பன் பெல்ட்டை இழுத்துக் கட்டும்போது, "அடிவயித்துல கொஞ்சம் லூசா இருக்கட்டுங்ண்ணா" என்றாள்.

"இந்த வண்டில ஏறுறவங்க லூசா கேக்கறதில்லீங்கம்மிணி" என்றார். அவள் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் இறுக்கவில்லை.

காதுக்குள் அவன் மூச்சு கேட்டது. அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கிற மூச்சு.

நேர் சாலை முடியப்போகிறது. முடிகிற இடத்தில் கூட்டம் நிற்கும். நடுச்சாலையில் நின்றுகொண்டு, வண்டி மேலே வந்து விழும்போதுதான் விலகுவார்கள். ஓடுகிற வண்டியைத் தொட்டுப் பார்த்தேன் என்று ஊரில் போய்ச் சொல்ல வேண்டுமே.

வலதா, இடதா?

மனதுக்குள் துழாவினாள். ஒரு வளைவுகூட வரவில்லை. அன்று அவள் சாலையைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் ஓட்டியவன் அவன். அவனாவது பார்த்திருப்பான்.

"ஏனுங்க" என்றாள்.

இந்த நான்கு வருடத்தில் பந்தய வண்டிக்குள் அவள் அந்தச் சொல்லைச் சொன்னதே கிடையாது. கல்யாணமான புதிதில் அவன் போட்ட கட்டுப்பாடு. மரியாதைக்கெல்லாம் வண்டியில் நேரமில்லை. ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் நான் உன் புருஷனும் இல்லை, நீ என் பெண்டாட்டியும் இல்லை.

"ஏனுங்க. இங்க எதுவும் எழுதலீங்க."

பனிக்குள் விசில்கள் கேட்க ஆரம்பித்தன. வண்டி வருகிறது என்று கூட்டத்துக்குச் சொல்லும் விசில்கள்.

அவன் சிரித்தது காதில் விழுந்தது. வீட்டில் மட்டும் சிரிக்கிற சிரிப்பு.

"இங்கதானே சொன்னே" என்றான். "அன்னிக்கு நான் மட்டும் ரோட்டயா பார்த்தேன்?"

அவனுக்கு நினைவிருந்தது. அந்த நேரத்திலும் அவளுக்கு அது இனிக்கத்தான் செய்தது.

விசில்கள் நெருங்கி வந்தன.

அவன் காலை எடுப்பான், இஞ்சின் சத்தம் இறங்கும் என்று அவள் காத்திருந்தாள்.