நாலு வள்ளம்

'நாலு வள்ளம்' என்று எழுதியிருந்தாள் மேனகா.

கோகிலவாணி டீச்சரின் சிவப்புப் பேனா நோட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

டீச்சர் கேட்டது பரப்பளவு. சேந்தமங்கலத்து மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய சோப்புப் பெட்டியை விரல் காய்க்க வெட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த அட்டைகள். ஆளுக்கு ஒரு சதுரம், பக்கம் நாலு சென்டிமீட்டர். அதே அளவுச் சதுரத்தைக் குறுக்கே வெட்டிய முக்கோணம் இரண்டு. மூன்றையும் ஒட்டி ஒரே உருவமாக வை, மொத்தப் பரப்பைச் சொல். அவ்வளவுதான் கணக்கு.

ஐந்தாம் வகுப்பில் பதினோரு பேர். பத்துப் பேர் முப்பத்திரண்டு சதுர சென்டிமீட்டர் என்று சரியாக எழுதிவிட்டார்கள். நோட்டெல்லாம் ரப்பர் அழுக்கு, அதைத்தான் சகிக்க முடியவில்லை.

மேனகா விதைப்புக்கென்று பத்து நாள் காட்டிலேயே கிடந்து, நேற்றுத்தான் பள்ளிக்கூடம் திரும்பியவள்.

மேசையில் ஒரு தாள் இருந்தது. மெல்லக் கற்பவர் பட்டியல். அதில் பெயர் ஏறினால் நாளையிலிருந்து கணக்குப் பாடத்துக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டும். மேனகாவின் பெயரைப் பென்சிலில் எழுதியாயிற்று. மேலே மை போட வேண்டியதுதான் பாக்கி.

வள்ளம் என்றால் நாலு படி என்று டீச்சருக்கும் தெரியும். பரப்பளவுக்குள் அது எப்படி வந்தது?

"இதென்ன கண்ணு, படி அளந்து வெச்சிருக்க?"

"வெதைங்க டீச்சர். சாமை." மேனகா முக்கோணத்தைத் தொட்டாள். "இந்த மூலைக்கு ஒரு வள்ளம் வெதைச்சா, இந்தச் சதுரத்துக்கு ரெண்டு வேணுமுங்க. மூலைதான் இன்னொண்ணும் இருக்குதுங்களே. அப்ப நாலு."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மேனகா தலையைக் குனிந்துகொண்டாள்.

கோகிலவாணி சிரிக்கவில்லை. முக்கோணம் எட்டு. சதுரம் அதைப்போல் இரண்டு மடங்கு. நாலெட்டு முப்பத்திரண்டு. மனதுக்குள் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள்.

"எதுக்கு இப்பச் சிரிச்சீங்க?"

முன்பெஞ்சு சுமித்ரா எழுந்தாள்.

"தப்பு எங்க மேலதானுங்க டீச்சர். வள்ளத்துல சொன்னா உங்களுக்குப் புரியாது, எட்டால பெருக்கித்தான் எழுதோணும்னு அவகிட்டச் சொல்ல மறந்துட்டோமுங்க."

கோகிலவாணி சுமித்ராவின் நோட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள். முப்பத்திரண்டுக்கு அடியில், அழித்தும் அழியாமல், '4 வ'.

அடுத்த நோட்டிலும். அதற்கடுத்ததிலும்.

பத்து நோட்டையும் பார்த்து முடித்தாள். பேனாவை மூடினாள். பட்டியல் தாளைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"அந்த ரப்பரக் கொஞ்சம் குடு சாமி."