வெற்றிலை ஒட்டு

போன வருடம் நானூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து அந்த மலையடிக்குப் போனபோது, பஞ்சர் கடை மாதப்பன்தான் டியூபை ஒட்டித் தந்து, எனக்குச் சுனையையும் காட்டினார். "எங்க ஆடு மாடு குடிக்கிற தண்ணிங்க. யாருகிட்டயும் சொல்லிராதீங்க," என்றார். வீட்டுக்கு வந்த அன்றே படத்தையும் வழியையும் இணையத்தில் போட்டேன்.

இந்த முறை சுனைக்குப் போகும் பாதை நெடுகக் கார்கள் நின்றன. பீர் பாட்டில் சில்லு ஏறி என் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. உருட்டிக்கொண்டு போக அவர் கடையை விட்டால் வேறு இடமில்லை. ஹெல்மெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் நான் கழற்றவில்லை.

"எவனோ ஒரு சைக்கிள்காரன் படம் போட்டுட்டானாம்," என்றார் டயரை நெம்பிக்கொண்டே. "இப்ப மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிருதுங்க. நீங்க முன்னாடி வந்திருக்கீங்களா?"

"இல்லீங்க. இதான் மொதல் தடவை."

டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். குமிழியைத் தேடிப் போன கட்டைவிரல் வழியில் ஓரிடத்தில் நின்றது. லாரி டியூபை வெற்றிலை வடிவில் வெட்டி ஒட்டிய பழைய ஒட்டு. அப்படி வெட்டுகிற வேறு ஒருவரை நான் எங்கும் பார்த்ததில்லை. அதைத் துணியால் துடைத்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. கத்தரியை எடுத்து இன்னொரு வெற்றிலை வெட்டினார். சில்லு கிழித்த இடத்தில் அதை ஒட்டி, பசை பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தார்.

"பழைய ஒட்டு நல்லாத்தான் நிக்குதுங்க," என்றார்.