மஞ்சள் பார்க்காத குழாய்

பூமிக்குள் ஓடும் ஒரே பைப்பில் இரண்டு தெருக் குழாய்கள் இருந்தன. முதல் குழாய் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மர நிழலில் நின்றது. கடைசிக் குழாய் தெரு முடிகிற இடத்தில், சாக்கடையை ஒட்டி நின்றது.

வாராவாரம் ஒரு சோதனைக் குப்பி வரும். நிழலிலேயே நின்று முதல் குழாயில் தண்ணீர் பிடிக்கும். குளோரினைக் காட்டும் சொட்டு மருந்தை விட்டதும் தண்ணீர் மஞ்சளாகும். "குளோரின் இருக்கு. இந்தத் தெருத் தண்ணி சுத்தம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடும்.

"இன்னைக்கும் மஞ்சள்!" என்று முதல் குழாய் பைப் வழியே பீற்றிக்கொள்ளும்.

"மஞ்சள்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டது கடைசிக் குழாய். "இங்க பிள்ளைங்களுக்கு மறுபடியும் வயித்தால போகுது."

"ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணிதானே? பிள்ளைங்க கை கழுவியிருக்காதுங்க."

ஆனாலும் அந்தக் கேள்வி முதல் குழாயைக் குடைந்தது. அடுத்த வாரம் அது தண்ணீர் விட மறுத்தது. "இன்னைக்குக் கடைசிக்குப் போ. மஞ்சள் எப்படி இருக்கும்னு அவனுக்குப் பார்க்கணுமாம்."

குப்பி முணுமுணுத்தபடி வெயிலில் நடந்தது. தண்ணீர் பிடித்து மருந்தை விட்டது. நிறம் மாறவே இல்லை; குளோரின் வழியிலேயே தீர்ந்துபோயிருந்தது.

"ஓ, இதுதான் மஞ்சளா?" என்றது கடைசிக் குழாய், ஆசையாக.

குப்பி தொட்டிக்கு ஓடியது. அன்றைக்கே தொட்டியில் குளோரினைக் கூட்டச் சொன்னது.

சில வாரம் கழித்து முதல் குழாய் குப்பியை மறித்தது. "ஏம்ப்பா, என்னைக் கண்டுக்கவே மாட்டேங்கிற?"

"கடைசியிலேருந்துதான் வரேன். அங்க நல்ல மஞ்சள். உன்னை எதுக்குப் பார்க்கணும்?"