மூன்றாவது நாற்காலி

மூன்றாவது பிளாஸ்டிக் நாற்காலியும் விரிசல் விட்ட அன்றே அவருக்குச் சாப்பாடு பாதியாகிவிட்டது.

“நாற்காலியே தாங்கலைங்க, உடம்பைக் குறைங்க” என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

அவரோ லேத் பட்டறைக்காரர்; சும்மா விடுவாரா? ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து, நான்கே மாதத்தில் ஒரு இயந்திரத்தைக் கட்டினார். நாற்காலியிலிருந்து அறுத்தெடுத்த இரண்டு துண்டுகளை அதில் வளைத்து மாட்டி, இரண்டிலும் ஒரே எடையைத் தொங்கவிட்டார். ஒன்றில் மட்டும், நாற்காலிகள் பளபளக்க மனைவி பூசும் பாலிஷைத் தினமும் தடவினார்.

பத்தாம் நாள் பாலிஷ் துண்டு படாரென்று பிளந்தது. மற்றதில் ஒரு கீறல்கூட இல்லை.

“இங்க வா! எடை ரெண்டுக்கும் ஒண்ணுதான். நாற்காலியை உடைச்சது என் உடம்பு இல்ல, உன் பாலிஷ்!” என்று மார்தட்டினார். “இன்னிலேர்ந்து முழுச் சாப்பாடு!”

மனைவி துண்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இதுக்கு மெஷின் எதுக்குங்க? பாலிஷ் படக்கூடாதுன்னு நாற்காலிக்கு அடியிலேயே எழுதியிருக்கே. வாங்கின அன்னிக்கே படிச்சுட்டேன்.”

“தெரிஞ்சுமா தடவின?”

“டாக்டர் சொல்லி நீங்க கேக்கலை. நாற்காலி சொன்னதும் கேட்டீங்க” என்றவள், தொளதொளத்த அவர் சட்டையைப் பிடித்துக் காட்டினாள். “ஒம்பது கிலோ!”

அவர் உட்காரலாம் என்று புது நாற்காலியை இழுத்தார்.

அது பளபளவென்று மின்னியது.